புதுச்சேரியில் மூச்சுப் பிடித்த நாள்கள்

“மூச்சைப் பிடியுங்கோ” என்றேன். ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்த பெரியவர் மூச்சைப் பிடிப்பதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டார். திரையில் அவருடைய கல்லீரல், கலங்கிய குளத்தில் தெரியும் நிழல் போல நெளிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வேலை பழக்கிய லூர்து அண்ணன் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஐயா, சிரிக்காதீங்க. புதுசா வந்திருக்குற பொண்ணு, சிலோன்காரங்க. இன்னொரு வாட்டி எடுத்துடலாம்.”

“இல்ல சார், அந்தம்மா பேசுறது நல்லாருக்கு. அதான்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

புதுச்சேரியில் என் முதல் நாள் வேலை இப்படித்தான் தொடங்கியது.

அப்போது நான் கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தேன். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணம். சண்டை நிறுத்தம் அமலில் இருந்த காலம். எங்கள் மருத்துவமனைக்குப் புது எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்திருந்தது. மூளையையும் முதுகெலும்பையும் அழகாகப் படம் எடுத்தோம். கல்லீரலில்தான் தோற்றோம். அது ஒரு இடத்தில் நிற்காத உறுப்பு. மூச்சை இழுத்தால் கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். நாங்கள் நிமிடக்கணக்கில் படம் எடுப்போம். அதற்குள் நோயாளி எத்தனையோ மூச்சு விட்டிருப்பார். படம் ஈரம் காயாத ஓவியத்தின் மேல் கையை இழுத்தது போல இருக்கும். சிறு கட்டி எதுவும் அதில் தெரியாது. “தெளிவாகச் சொல்ல இயலவில்லை” என்று எங்கள் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

அதே மாதிரி இயந்திரத்தை வைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் மையத்தில் முழுக் கல்லீரலையும் ஒரே மூச்சில் எடுக்கிறார்கள் என்று எங்கள் டாக்டருக்குத் தெரியவந்தது. அங்கே படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரம்மா அவருடன் படித்தவர். “போய்ப் பழகிக்கொண்டு வா” என்று இரண்டு வாரத்துக்கு என்னை அனுப்பிவிட்டார்.

மையம் கதிர்காமம் பக்கம் இருந்தது. தங்கியது நகரத்துக்குள். நடுவில் டெம்போ. ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து, பதினோராவது ஆள் ஏறும்போது “கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா” என்று எல்லோரும் ஒரே குரலில் என்னிடம்தான் சொன்னார்கள். என் இடம் வந்ததும் யாழ்ப்பாணத்து வழக்கப்படி “இறக்கம்!” என்று குரல் கொடுத்தேன். எங்கள் ஊரில் பஸ் சட்டென்று நிற்கும். இங்கே டெம்போ போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை கத்தினேன்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “எங்கம்மா எறக்கம்? ரோடு சமமாத்தான இருக்கு?”

கடைசியில் உழவர்கரையில் போய் இறங்கி, வந்த வழியே வேறொரு டெம்போவில் திரும்பினேன். அடுத்த நாளே வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சைக்கிள் இருந்தால் எந்த ஊரும் அந்நியமில்லை.

சாப்பாட்டில்தான் சண்டை. காலையில் இடியாப்பம் என்றார்கள். ஆசையாக உட்கார்ந்தேன். மேலே தேங்காய்ப்பாலை ஊற்றிச் சர்க்கரையைத் தூவிக் கொண்டுவந்து வைத்தார் பரிமாறுபவர். இடியாப்பத்துக்குச் சொதிக் குழம்பும் காரமான தேங்காய்ச் சம்பலும் இல்லாமல் இனிப்பா? “சம்பல் இல்லையோ?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வடகறி கொண்டுவந்தார். அது நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு தினமும் இடியாப்பமும் வடகறியும்தான். பக்கத்து மேசைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

லூர்து அண்ணனுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பிகள் எல்லோரும் பிரான்சில். இவர் மட்டும் போகவில்லை. நன்றாக வந்த படத்தைப் பார்த்தால் “போன்!” என்பார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தமாம். எனக்கு அவர் முதலில் விளக்கியது ஈரலின் இரத்த ஓட்டத்தை.

“ஈரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் வருது. நல்ல ஈரல் பெரும்பாலும் குடல்லேர்ந்து வர்ற ரத்தத்தக் குடிக்கும். அது கொஞ்சம் லேட்டாத்தான் வரும். புத்துநோய் கட்டி அப்பிடியில்ல. நேரா இதயத்துலேர்ந்து வர்ற ரத்தத்தக் குடிக்கும். நரம்புல மருந்து ஏத்துனா, மொதல்ல அந்தக் கட்டி மட்டும் பளிச்சுன்னு தெரியும். அப்புறம் மத்ததெல்லாம் வெளுக்கும்போது அது கருத்துப்போவும். அந்த மொதல் பளிச்சு ஒரு மூச்சு நேரந்தான் சாந்தினி. அதுக்குள்ள முழு ஈரலையும் புடிச்சுடணும். தவறுனா போச்சு. அன்னிக்கு மறுபடி எடுக்க முடியாது.”

பழைய முறையில் அந்த ஒரு மூச்சுக்குள் ஈரலின் ஒரு பகுதியைத்தான் எடுக்க முடியும். இவர்கள் வயிற்றைச் சுற்றி, உடம்பிலிருந்து வரும் சிக்னலை வாங்கும் பல ஏற்பிகளை வைத்து, எல்லாமும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கமாகக் கேட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும்படி செய்திருந்தார்கள். அதனால் வேகம். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுதான்: சொன்ன நேரத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும், சொல்லும்வரை விடக் கூடாது.

முதல் வாரம் முடியும் வேளையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கலியமூர்த்தியும் அவர் மனைவி அஞ்சலாட்சியும் வந்தார்கள்.

உப்பளத்துக்காரர்கள். கலியமூர்த்தி வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நகரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கும் பெரிய கட்டடங்களில் பாதிக்கு அவர் கை பட்டிருக்கிறது. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்த உடம்பு, விரல் நகங்களின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட். உள்ளே வந்ததும் எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தார். காமாலைக் கிருமி பல வருடமாக உடம்பில் இருந்து ஈரலைச் சுருக்கியிருந்தது. வயிற்று ஸ்கேனில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்திருக்கிறது. அது வெறும் தழும்பா, புற்றுநோயா என்று தெரிய வேண்டும்.

நான் கேள்வித் தாளை வைத்துக்கொண்டு வழக்கம் போலத் தொடங்கினேன். “ஐயா, குடிக்கிறனீங்களோ?”

அவர் என் வாயையே பார்த்தார். பதில் அஞ்சலாட்சியிடமிருந்து வந்தது.

“குடிக்கவே மாட்டாரும்மா. ஈரல்னு சொன்னாலே எல்லாரும் மொதல்ல இதத்தான் கேக்குறாங்க. இந்த ஊர்ல தடுக்கி வுழுந்தா சாராயக் கடை. எங்க வூட்டுக்காரரு ஒரு சொட்டு தொட்டதில்ல. நீயும் அதே கேக்குற.” பிறகு குரலைத் தணித்து, “அவுருக்குக் காது கேக்காது. பொறவிலேருந்தே. பேச்சும் இல்ல” என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் வேலை முழுவதும் குரலை நம்பி இருந்தது. “இழுங்க, புடிங்க, விடுங்க” என்று ஒலிபெருக்கியில் சொல்கிறோம். குழாய்க்குள் படுத்திருப்பவரால் வெளியே பார்க்க முடியாது. கேட்கவும் முடியாதென்றால்?

லூர்து அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு அஞ்சலாட்சியிடம், “மிஷின் அதிரும். அது அவருக்குத் தெரியும். அதிர ஆரம்பிச்சா மூச்சப் புடி, நின்னா விடு. இத அவருக்குச் சொல்லும்மா” என்றார். அஞ்சலாட்சி அதைக் கைகளால் சொன்னார். நெஞ்சைத் தொட்டு, கையை நடுக்கிக் காட்டி, வாயைப் பொத்தி. கலியமூர்த்தி தலையாட்டினார்.

மருந்து ஏற்றாமல் முதலில் ஒத்திகை பார்த்தோம். இயந்திரம் படம் எடுப்பதற்கு முன்னாலும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு முறை அதிரும். அந்த அதிர்வுக்கு அவர் மூச்சைப் பிடித்துவிட்டார். உண்மையான படம் தொடங்கும்போது பிடித்த மூச்சு தீர்ந்துபோய் வயிறு எழும்பி எழும்பி இறங்கியது. மறுபடி முயன்றோம். அதே கதை. அவர் முயற்சியில் குறை இல்லை. அவருக்கு எது எதுவென்று தெரிய வழியில்லை.

மருந்து ஊசி தயாராக மேசையில் இருந்தது. அதைப் பார்த்தேன். லூர்து அண்ணன் என்னைப் பார்த்தார்.

“வேணாம். மருந்தப் போட்டுட்டு மங்கலா எடுத்தா, தெரியலன்னு எழுதி அனுப்ப வேண்டியதுதான். ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லுவாங்க. கட்டியா இருந்தா ஆறு மாசம் சும்மா இருக்குமா?”

திங்கட்கிழமை வரச் சொன்னோம். அஞ்சலாட்சி அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி தோன்றியது.

“அக்கா, இவரை நித்திரையால எப்பிடி எழுப்புவீங்கள்?”

அவருக்கு நித்திரை என்ற சொல் புரியவில்லை. கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன்.

“தூங்கும்போதா? கால் கட்டை வெரலப் புடிச்சு இழுப்பேன். ஏன்?”

லூர்து அண்ணன் சடாரென்று திரும்பினார். ஸ்கேன் குழாயில் ஆளின் தலையும் வயிறும் உள்ளே போய்விடும். கால் வெளியில்தான் இருக்கும்.

“போன்” என்றார், மிக மெதுவாக.

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு உப்பளம் போனேன். வழியில் பிடித்த மழையில் தெரு முழங்கால்வரை தண்ணீரானது. சங்கிலி கழன்றுவிட்டது. சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றவளை ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். சங்கிலியை அவரே மாட்டிவிட்டு, “பெயிண்டரு வூடா? செவப்புக் கதவு” என்று வழிசொன்னார்.

ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நான்கு சுவரும் கட்டம் கட்டமாக வேறு வேறு நிறம். வேலை முடிந்த இடங்களில் மிஞ்சிய பெயிண்டையெல்லாம் கொண்டுவந்து அடித்திருக்கிறார். கலியமூர்த்தி ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக் காட்டினார். வெளிர் மஞ்சளைத் தட்டிவிட்டுத் தட்டு ஏந்தும் பாவனை செய்தார்: ஓட்டல். சாம்பல் நிறத்தைத் தட்டிச் சிலுவை போட்டார். ரோஸ் நிறத்துக்கு மீசையை முறுக்கினார். யாரோ பெரிய மனிதர் வீடு. நான்கு நாள் சைக்கிளில் சுற்றிப் பார்த்த ஊரை அந்தச் சுவரில் இன்னொரு தடவை பார்த்தேன்.

பாயை விரித்து அவரைப் படுக்க வைத்தோம். தலையணை உறையால் கண்ணை மூடினோம். நான் அஞ்சலாட்சிக்கு எதிரில் உட்கார்ந்தேன். என் கை எழும்பினால் அவர் கட்டை விரலை இழுக்க வேண்டும்: மூச்சை இழு. என் கை மூடினால் பாதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்: பிடித்துக்கொள். என் கை விரிந்தால் விட்டுவிட வேண்டும்: மூச்சை விடு. அவ்வளவுதான்.

முதல் தடவை கலியமூர்த்திக்குக் கூச்சம் தாங்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு சிரித்தார். அஞ்சலாட்சி அவர் காலில் ஒரு அடி போட்டார். இரண்டாவது தடவை கலியமூர்த்தி சரியாகச் செய்தார். மூன்றாவது, நான்காவது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். வயிறு கல் போல நின்றது. நல்ல மூச்சு.

அடுத்த தடவை என் கை விரிந்தது, அஞ்சலாட்சி பாதத்தை விட்டார், ஆனால் அவர் மூச்சு விடவில்லை. பொறுத்துப் பார்த்தோம். மார்பு எழும்பவில்லை. வாய் லேசாகத் திறந்து தலை ஒரு பக்கம் சரிந்தது. அஞ்சலாட்சி பாதத்தை உலுக்கினார். அசைவில்லை. “யோவ்!” என்று கத்தினார். கேட்காத காதில் கத்துகிறோம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. பாய்ந்து போய் முகத்திலிருந்த துணியை இழுத்தார்.

கலியமூர்த்தி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சிரித்தார்.

அஞ்சலாட்சி அவர் மார்பில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தார். அடித்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டார். கேலி செய்ய நினைத்தவர் முகம் மாறிப்போய் எழுந்து உட்கார்ந்தார். மனைவியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அடித்துக்கொண்டார். பிறகு காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார். ஈரல் கெட்ட மனிதர், மூச்சு வாங்க வாங்கப் போட்டார். அஞ்சலாட்சி அழுதுகொண்டே சிரித்து, “போதும் குந்து” என்று சைகை காட்டினார்.

நான் சுவரிலிருந்த பச்சைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சங்கரா மீன் குழம்பு. எங்கள் ஊர் குழம்பைவிடப் புளி தூக்கல், தேங்காய் இல்லை. “அக்கா, எங்கட ஊர்ல பால் விடுவம்” என்றேன். “மீனுக்குப் பாலா!” என்று அஞ்சலாட்சி கன்னத்தில் கை வைத்தார். தேங்காய்ப்பால் என்று விளக்கிய பிறகுதான் நிம்மதியானார்.

சாப்பிடும்போது, எப்படிக் கலியாணமானது என்று கேட்டேன்.

“எங்கம்மா மீன் விக்கப் போற தெருவுல இவுரு ஏணி மேல நின்னு பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருப்பாரு. நான் கூடப் போவேன். ஊமைக்கா குடுக்குறன்னு எல்லாரும் கேட்டாங்க. நான்தான் கட்டிக்கிறேன்னு சொன்னேன்.” சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கணம் நிறுத்தினார். “எங்கப்பன் எங்கம்மா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசி நான் பாத்ததில்ல. இவுரு என் மூஞ்சியப் பாக்காம எங்கிட்டப் பேசவே முடியாதுல்ல?”

கலியமூர்த்தி, என்ன சொல்கிறாய் என்று கண்ணால் கேட்டார். அஞ்சலாட்சி ஒன்றுமில்லை என்று கையை உதறினார். அவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பில் காலிமுகத் திடலில் மாலை நேரம் எப்படியோ அப்படித்தான் கூட்டம். ஆனால் இங்கே அலை கருங்கற்களில் மோதித் திரும்புகிறது. கால் நனைக்க மணல் இல்லை. காவலர் ஒருவர் எங்களை நோக்கி வந்தபோது என் கை தானாகவே கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடியது. அவர் எங்களைக் கடந்து சுண்டல்காரரிடம் போனார். அஞ்சலாட்சி என் கையைப் பார்த்துவிட்டு, “இங்க யாரும் கேக்க மாட்டாங்கம்மா” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கைப்பையை மூடிக்கொண்டேன்.

கடற்கரை மதில் மேல் உட்கார்ந்தபடியே அவர்கள் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். பாதத்துக்குப் பதிலாகக் கை. நடுவயதுக் கணவனும் மனைவியும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கண்ணை மூடியும் மற்றவர் அவரையே பார்த்தும் உட்கார்ந்திருப்பதைப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கல்லூரிப் பையன்கள் விசிலடித்தார்கள். அஞ்சலாட்சிக்கு முகமெல்லாம் வெட்கம். கையை மட்டும் விடவில்லை.

மகள் கடலூரில் வாக்கப்பட்டிருக்கிறாளாம், மாசமாக இருக்கிறாளாம். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றார் அஞ்சலாட்சி. “நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருக்கேன். நல்லதாத்தான இருக்கும்?”

எனக்குத் தெரியாது. “படம் வடிவா வரும் அக்கா” என்றேன். என்னால் அதைத்தான் சொல்ல முடிந்தது. வடிவு என்றால் எங்களுக்கு அழகு.

திங்கள் காலை இருவரும் வெறும் வயிற்றோடு வந்தார்கள். கலியமூர்த்தி சாப்பிடக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தோம். அவர் மனைவியும் சாப்பிடவில்லை.

அஞ்சலாட்சியும் அறைக்குள் வர வேண்டும் என்பதால் அவரிடமும் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. காந்தம் சும்மா இருக்காது, சின்ன ஊக்கையும் அம்பு போல இழுத்துவிடும். கொலுசையும் மெட்டியையும் கழற்றினார். தாலிக் கயிற்றில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடைசியில் மஞ்சள் கயிறும் பொன் தாலியும் மட்டும் இருந்தன. லூர்து அண்ணன் கைக்காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். இழுக்கவில்லை. “இது இருக்கட்டும்மா” என்றார்.

கலியமூர்த்தி உள்ளே போனார். இடுப்புவரை குழாய்க்குள், பாதங்கள் வெளியில். அஞ்சலாட்சி காதடைப்பானை மாட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றார். அவருக்கு எதிரில் நான். எனக்கு எதிரில் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் லூர்து அண்ணனின் கை. அவர் கையைப் பார்த்து நான், என் கையைப் பார்த்து அஞ்சலாட்சி, அஞ்சலாட்சியின் கையை உணர்ந்து கலியமூர்த்தி.

முதலில் மருந்தில்லாமல் ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் லூர்து அண்ணன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். வடிவாக வந்திருக்கிறது.

மருந்து ஏறத் தொடங்கியது. குளிர்ந்த மருந்து கை நரம்பில் போவது தெரிந்ததும் கலியமூர்த்தியின் கால் விரல்கள் சுருங்கின. அஞ்சலாட்சி கட்டை விரலை மெதுவாகத் தடவினார். விரல்கள் தளர்ந்தன. கண்ணாடிக்குப் பின்னால் கை எழும்பியது. என் கை எழும்பியது. அஞ்சலாட்சி விரலை இழுத்தார். கை மூடியது. பாதத்தை இறுக்கிப் பிடித்தார்.

இயந்திரம் அலறியது. அந்தச் சத்தத்தில் அந்த அறையில் அமைதியாக இருந்தவர் கலியமூர்த்தி ஒருவர்தான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சத்தம் நின்றது. லூர்து அண்ணன் கையை விரித்தார். நானும் விரித்தேன்.

அஞ்சலாட்சி விடவில்லை.

கண்கள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் விரல்கள் பாதத்தில் அப்படியே பூட்டிக்கொண்டு நின்றன. முகம் வெளுத்திருந்தது. அவரும் மூச்சு விடவில்லை. கலியமூர்த்தியின் வயிறு அசையவில்லை. மனைவியின் கை விடாததால் அவர் காத்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் லூர்து அண்ணன், “விடச் சொல்லு சாந்தினி, விடச் சொல்லு” என்றார். கலியமூர்த்தியின் கால் நரம்பு நடுங்குவது தெரிந்தது. அப்போதும் அவர் மூச்சை விடவில்லை.

ஓடிப்போய் அஞ்சலாட்சியின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். கடைசி விரல் பிரிந்ததும் குழாய்க்குள்ளிருந்து பெரிய பெருமூச்சு ஒன்று வெளியே வந்தது. அஞ்சலாட்சியும் அப்போதுதான் மூச்சை விட்டு, என் தோளில் சாய்ந்தார்.

“வுட்டா போயிடுவாருன்னு தோணிச்சும்மா” என்றார்.

அடுத்த படத்துக்கு அதிக நேரம் இல்லை. “அக்கா, இன்னும் ரெண்டு தரம்தான். நான் உங்கட தோளில கை வைச்சிருக்கிறன்” என்றேன். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைகை காட்டினேன். மீதி இரண்டும் பிசகில்லாமல் முடிந்தன.

வெளியே வந்த கலியமூர்த்தி முதலில் செய்தது, பெரிய பீரோவைத் தரையில் தரதரவென்று இழுப்பது போல நடித்துக் காட்டியதுதான். இயந்திரம் அவருக்கு அப்படி இருந்ததாம்.

டாக்டரம்மா படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எனக்கே தெரிந்தது. முதல் மூச்சில் எடுத்த படத்தில், ஈரலின் வலது ஓரத்தில், ஒரு சின்னப் புள்ளி பளிச்சென்று இருந்தது. கடைசிப் படத்தில் அதே இடம் கருத்திருந்தது. இவ்வளவு தெளிவான படத்தை அதற்கு முன் நான் எடுத்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. சந்தோஷப்படாமலும் இருக்க முடியவில்லை.

அஞ்சலாட்சியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“புத்துநோய்தாம்மா. மறைக்க மாட்டேன். ஆனா ஒண்ணே ஒண்ணு, சின்னது, ஓரத்துல இருக்கு. மிச்ச ஈரல் இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது. ஈரல் டாக்டர்கிட்டப் பேசிட்டேன். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு சொல்றாரு. படம் மங்கலா இருந்திருந்தா நான் பொறுத்துப் பாக்கலாம்னு எழுதியிருப்பேன். பொறுத்திருந்தா இந்த வாய்ப்பு இருக்காது.”

அஞ்சலாட்சி எழுந்து கும்பிட்டார். வெளியே வந்தவர், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றார்.

“புத்துநோய்க்கு எங்ககிட்ட சைகை இல்லம்மா. அத எப்பிடிச் சொல்லுவேன்?”

நானும் நின்றேன்.

அவர் போய்க் கணவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பக்கத்துச் சுவரைத் தொட்டார். அதில் உப்புக்காற்று பட்டு ஒரு இடம் பொரிந்திருந்தது. அதைக் காட்டிவிட்டு, கணவரின் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்தார். கலியமூர்த்தியின் முகத்தில் சிரிப்பு நின்றது. அஞ்சலாட்சி சுண்டு விரல் நகத்தைக் காட்டினார்: இவ்வளவுதான். பிறகு வெறும் கையால் சுரண்டிக் காட்டினார். பட்டி மாவு பூசித் தேய்ப்பது போலக் காட்டினார். பிரஷ்ஷால் அடித்தார். பெயிண்டருக்கு இதைவிட எப்படிச் சொல்வது? பரவுவதற்கு முன்னால் சுரண்டி எடுத்துவிட்டால் சுவர் நிற்கும்.

கலியமூர்த்தி தன் விலாவைத் தானே தொட்டுப் பார்த்தார். நகத்தைக் காட்டச் சொல்லி இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். சிறிது நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்துக்கு நேராகத் திரும்பி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார்.

அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன கேக்கிறார் அக்கா?”

“சாப்டியான்னு கேக்குறாரு.”

கலியமூர்த்தி எழுந்து, மனைவியைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். எதிரிலிருந்த ஓட்டலுக்கு என்னையும் கூப்பிட்டார். மூன்று பேரும் பூரி சாப்பிட்டோம். அஞ்சலாட்சியின் தட்டிலிருந்த கிழங்கு தீரத்தீர அவர் தன் தட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வார இறுதியில் கொழும்பு திரும்பினேன். எங்கள் இயந்திரத்தில் ஒரே மூச்சில் ஈரலை எடுக்கப் பழகிக்கொண்டோம். மங்கலான படங்கள் குறைந்தன. சிலருக்கு நல்ல செய்தி, சிலருக்குக் கெட்டது. எதுவானாலும் அது செய்தியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து லூர்து அண்ணன் தொலைபேசியில் அழைத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார். அதன் பிறகு நெடுநாள் ஒன்றும் தெரியவில்லை. வேலை அலைச்சலில் நானும் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், அடுத்த நோயாளியைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, இந்தியாவிலிருந்து எனக்கு அழைப்பு என்றார்கள்.

“நான் அஞ்சலாட்சி பேசுறேம்மா, உப்பளம். தோ, பூத்துலேருந்து பேசுறோம். மூணாவது தடவையா படம் எடுத்துட்டாங்க. ஒண்ணும் இல்லியாம். சுத்தமா இருக்காம். பொண்ணுக்குப் பையன் பொறந்திருக்கான், நல்லாக் காது கேக்குது. வேலைக்குப் போறாரு, ஏணி மேல மட்டும் ஏற வுடுறதில்ல.”

“அக்கா!” என்றேன்.

“இரு, இரு. அவுரு ஒங்கிட்டப் பேசணுங்குறாரு.”

“அவரோ? எப்பிடி?”

தொலைபேசி கை மாறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் வெறும் தெருச் சத்தம், ஒரு டெம்போவின் ஹாரன். பிறகு ஒரு குரல். அடித்தொண்டையிலிருந்து தடித்து எழும்பி, ‘ஆ’ என்று தொடங்கி, நடுவில் எங்கோ தடுக்கி, ‘ஈ’ என்று உயர்ந்து முடிந்தது. அவருக்கு ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பின்னாலிருந்து அஞ்சலாட்சி சிரித்தார். “ஒம் பேருதாம்மா! சாந்தினின்னு சொல்றாரு. ஒரு வாரமா என் தொண்டையில கைய வெச்சிக்கிட்டு, என்னச் சொல்லச் சொல்லி, தானும் சொல்லிப் பழகுனாரு. சரியா வருதான்னு கேக்குறாரு. என்னா சொல்ல?”

“வடிவா இருக்கு எண்டு சொல்லுங்கோ” என்றேன். “இன்னொருக்கால் சொல்லச் சொல்லுங்கோ.”

சொன்னார்.